செய்திக்குறிப்பு எழுதுவோம்

குழுவாகச் சேர்ந்து அப்பளம் போடுகிறீர்கள். உளுந்து நல்ல உளுந்து. கைப்பக்குவமும் நன்றாக இருக்கிறது. ஆனால் பாக்கெட்டுகள் விற்காமல் தேங்கிக் கிடக்கின்றன. வங்கிக் கடனின் தவணை நாளோ நெருங்கி வருகிறது. பொருளில் குறை இல்லை. அப்படி ஒரு பொருள் இருப்பது பக்கத்து ஊருக்குத் தெரியவில்லை. அதுதான் குறை.

ஊருக்குத் தெரிவிப்பது எப்படி? விளம்பரம் செய்யலாம். அதற்குப் பணம் வேண்டும். பணம் இல்லாத வழி ஒன்றும் உண்டு. அதுதான் செய்திக்குறிப்பு.

விளம்பரம் வேறு, செய்தி வேறு

விளம்பரத்துக்கு நாம் பணம் கட்டுகிறோம். அதில் நம் பொருளை நாமே புகழ்ந்துகொள்ளலாம். செய்திக்குக் கட்டணம் இல்லை. அதை வெளியிடலாமா, வேண்டாமா என்று ஆசிரியர் முடிவு செய்வார். 'இதைப் படிப்பவர்களுக்கு என்ன பயன்?' என்றுதான் அவர் பார்ப்பார்.

ஏழு பெண்கள், எண்பது ரூபாய்

1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள். மும்பையில் கிர்காம் என்ற பகுதி. ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடினார்கள். கடன் வாங்கிய 80 ரூபாயில் அப்பளம் போட்டார்கள். முதல் நாள் கிடைத்தது 4 பாக்கெட்டுகள். அதுதான் லிஜ்ஜத் அப்பளத்தின் தொடக்கம். இன்று பல்லாயிரம் பெண்கள் அதில் உழைக்கிறார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்தச் செய்தி பத்திரிகைகளில் பல முறை வந்திருக்கிறது. மேலே உள்ள பத்தியை மீண்டும் படியுங்கள். 'மிகச் சிறந்த', 'ஈடு இணையற்ற' என்ற சொற்கள் அதில் உண்டா? இல்லை. யார், எங்கே, எப்போது, எவ்வளவு என்ற விவரங்களே இருக்கின்றன. புகழ்ச்சி மறந்துபோகும். விவரம் மனத்தில் நிற்கும்.

நம்மிடம் என்ன செய்தி இருக்கிறது?

புதிதாகத் தொழில் தொடங்குவது செய்தி. வாங்கிய கடனை அடைத்து முடித்தது செய்தி. பொருட்காட்சியில் கடை போடுவது செய்தி. பிற பெண்களுக்கு இலவசமாகத் தொழில் கற்றுக் கொடுப்பது மிக நல்ல செய்தி. 'எங்கள் அப்பளத்தை வாங்குங்கள்' என்பது மட்டும் செய்தி ஆகாது.

மாதிரியைப் பாருங்கள்

நாள்: ..........

பெறுநர்: ஆசிரியர், .......... நாளிதழ்

பொருள்: பெண்களுக்கு இலவச அப்பளப் பயிற்சி

.......... ஊரில் வரும் .......... ஆம் தேதி காலை 10 மணிக்குப் பெண்களுக்கு இலவச அப்பளப் பயிற்சி நடைபெறுகிறது. இடம்: ஊராட்சிப் பள்ளி. பயிற்சியை .......... மகளிர் குழு நடத்துகிறது. இக்குழுவில் 12 பெண்கள் உள்ளனர். இவர்கள் வங்கிக் கடன் பெற்று அப்பளத் தொழில் செய்து வருகின்றனர். சேர விரும்புவோர் .......... என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம்.

இப்படிக்கு,
குழுத் தலைவி

முக்கியமான விவரம் முதல் வரியிலேயே வந்துவிட்டதைப் பாருங்கள். இடம் போதாவிட்டால் ஆசிரியர் பெரும்பாலும் கடைசி வரிகளைத்தான் வெட்டுவார். அப்போதும் நம் செய்தி தப்பிவிடும்.

எப்படி அனுப்புவது?

ஒரே தாள். ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும். பெயர், தேதி, தொலைபேசி எண் ஆகியவற்றை இருமுறை சரிபாருங்கள். உள்ளூர் நிருபரிடம் நேரில் கொடுப்பது நல்லது. மின்னஞ்சலிலும் அனுப்பலாம். எல்லா நாளிதழ்களுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். நிகழ்ச்சிக்கு நான்கைந்து நாட்கள் முன்னதாகக் கொடுங்கள். படம் இருந்தால் அதில் இருப்பவர்களின் பெயர்களை எழுதி இணையுங்கள்.

வானொலியை மறக்க வேண்டாம். பல ஊர்களில் சமுதாய வானொலி இருக்கிறது. தெலங்கானாவில் சங்கம் வானொலியை 2008 முதல் கிராமத்துத் தலித் பெண்களே நடத்தி வருகிறார்கள். இத்தகைய நிலையங்கள் நம்மைப் போன்றவர்களின் செய்திக்கு இடம் தரும்.

செய்தி வரவில்லையா? ஒருமுறை பணிவாகக் கேளுங்கள். சண்டை போட வேண்டாம். அடுத்த செய்தியோடு மீண்டும் போங்கள்.

எச்சரிக்கையாக இருப்போம்

'எங்கள் அப்பளம் சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று எழுதலாமா? கூடாது. நம்பி வாங்குபவர் மருந்தை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? உணவுப் பொருளுக்குப் பொய் விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. அது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். பாக்கெட்டில் 14 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செய்தி போட யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நாளிதழ்களின் மீதான புகார்களை விசாரிக்க டில்லியில் இந்தியப் பத்திரிகை மன்றம் இருக்கிறது.

செய்தி வந்த பிறகு

செய்தி வந்த நாளில் ஆட்கள் தேடி வருவார்கள். அன்று கையில் சரக்கு இருக்க வேண்டும். தொலைபேசியை எடுக்க ஒருவர் இருக்க வேண்டும். வந்த செய்தியை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது அதையும் கொண்டு போங்கள்.

செய்து பார்ப்போம்

1. விளம்பரத்துக்கும் செய்திக்கும் என்ன வேறுபாடு?
2. மாதிரியில் உள்ள கோடிட்ட இடங்களை உங்கள் ஊர் விவரங்களால் நிரப்புங்கள்.
3. உங்கள் தொழிலைப் பற்றி ஐந்து வரிகளில் செய்திக்குறிப்பு எழுதுங்கள். குழுவில் உரக்கப் படியுங்கள். புகழ்ச்சிச் சொல் வந்தால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு விவரத்தை எழுதுங்கள்.