பழைய கார் பெட்ரோலைக் குடிக்கிறதா? மைலேஜ் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கூமாப்பட்டி, வத்திராயிருப்பு வட்டாரத்தில் மாருதி 800-க்கு இன்னும் வேலை இருக்கிறது. 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. ஆஸ்பத்திரிக்கும் தோப்புக்கும் கல்யாண வீட்டுக்கும் அது போதும். “அண்ணாச்சி, வண்டி ரொம்பக் குடிக்குது” என்று மெக்கானிக்கிடம் போய் நின்றால், பல இடங்களில் முதல் வேலையாகக் கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். உண்மையில் அது கடைசியாகத் தொட வேண்டிய இடம். காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு மறுபடி கணக்கெடுங்கள். ஜென், சான்ட்ரோ வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்: கசிவு

காலையில் வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை பலமாக இருந்தாலோ, வண்டிக்கு அடியில் ஈரம் தெரிந்தாலோ, ஸ்டார்ட் செய்யாதீர்கள். பழைய ரப்பர் ஹோஸ்கள் எத்தனால் கலந்த பெட்ரோலில் சீக்கிரம் வெடித்துப்போகும். இதில் மைலேஜைவிடத் தீ பிடிக்கும் ஆபத்துதான் பெரிது. ஹோஸையும் கிளாம்பையும் மாற்றிவிட்டு மேலே போகலாம்.

படி 1: கணக்கைச் சரியாக எடுங்கள்

பெட்ரோல் முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்ல முடியாது. பங்க்கில் பைப் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 200 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு, அதே பங்க்கில், அதே பம்ப்பில், அதேபோல நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ்.

நம் பக்கத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கூமாப்பட்டி மலையடிவாரம், அங்கிருந்து கிருஷ்ணன்கோவில் நோக்கி வரும்போது தரை மெல்லச் சரிந்துகொண்டே வரும், திரும்பும்போது அதே சரிவு ஏற்றமாகிவிடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று வேறு ராஜபாளையம் போகிற வண்டியைப் பிடித்துத் தள்ளும். அதனால் போக ஒரு கணக்கு, வர ஒரு கணக்கு என்று எடுக்காமல் இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

ஓடோமீட்டரையும் நம்பிவிடாதீர்கள். செல்போன் மேப்பை வைத்து 10 கிலோமீட்டர் ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும். இல்லாத குறையைத் தேடி அலைய வேண்டிவரும்.

படி 2: பெட்ரோலின் பங்கைக் கழியுங்கள்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, இ10-க்கு ஏற்பச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. ஆக, 16 கொடுத்த வண்டி 15 கொடுத்தால் அது எரிபொருளால் வந்த குறை. எந்த மெக்கானிக்காலும் அதை மீட்டுத்தர முடியாது. 16 கொடுத்தது 12-க்கு வந்திருந்தால் கோளாறு வண்டிக்குள் இருக்கிறது.

படி 3: சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா

பழைய வண்டிகளில் அதிகம் கவனிக்காமல் விடப்படும் இடம் இது. பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்தாலும் வண்டி ஓடும், சத்தம் வராது, பெட்ரோல் மட்டும் தீரும்.

சமதரையில் வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிரேக்கை அழுத்தாமல் வண்டியைத் தானாக நிற்கவிடுங்கள். சட்டென்று நின்றால் சந்தேகப்படலாம். உடனே இறங்கி ஒவ்வொரு ரிம்முக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். இடது வலதில் ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் குற்றவாளி.

அடுத்து ஜாக்கி. பின்சக்கரத்தைத் தூக்கும்போது வண்டி கியரில் இருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக் விடுபட்டிருக்க வேண்டும், முன்சக்கரங்களுக்குக் கல் வைத்திருக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கினால் நியூட்ரல் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையோ தலையோ நீட்டக் கூடாது. கையால் சுற்றிவிட்டால் பின்சக்கரம் சில சுற்றாவது ஓட வேண்டும். முன்சக்கரம் டிரைவ் ஷாஃப்ட்டையும் சேர்த்து இழுப்பதால் கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனாலும் சீராகச் சுற்றும். பின்னால் இறுக்கம் இருந்தால் ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கலாம், இல்லை ஷூ அளவுக்கு மீறி டைட் செய்யப்பட்டிருக்கலாம். முன்னால் என்றால் காலிப்பர் பின்கள் காய்ந்திருக்கும், அல்லது பிஸ்டன் ஒட்டியிருக்கும். கர்ரென்ற சத்தம் வந்தால் பேரிங்.

படி 4: காத்தும் ஃபில்டரும்

டயர் ஆறியிருக்கும்போது, கம்பெனி சொன்ன பிரஷருக்குக் காத்து அடியுங்கள். ஏர் ஃபில்டர் விஷயம் வண்டியைப் பொறுத்தது. அடைத்த ஃபில்டர் பழைய கார்புரேட்டர் வண்டிகளில் 2 முதல் 6 சதவீதம் வரை மைலேஜைக் குறைக்கலாம் என்றும், இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இழுவையைத்தான் குறைக்கும், மைலேஜைப் பெரிதாகப் பாதிக்காது என்றும் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் கண்டறிந்தது. மண்பாதையிலும் அறுவடைக் களத்தின் ஓரத்திலும் ஓடும் வண்டிக்கு ஃபில்டரை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். இன்ஜினின் ஆயுள் அதில் இருக்கிறது.

படி 5: பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டிவிட்டு, இன்ஜின் ஆறியதும் எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, எந்த சிலிண்டருடையது எது என்று தெரியும்படி வரிசையாக வையுங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. விரலில் ஒட்டும் காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஈரமாக, எண்ணெய் பிசுக்கோடு இருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. எல்லாமே ஒரேபோல் கரியாக இருந்தால் கோளாறு பொதுவான இடத்தில், அதாவது கார்புரேட்டரிலோ சென்சாரிலோ. ஒன்று மட்டும் கரியென்றால் அந்தப் பிளக், அதன் ஒயர், அந்த சிலிண்டர் என்று தேடுங்கள்.

படி 6: தெர்மோஸ்டாட், சோக், சென்சார்

வெயில் ஊர் என்பதால், வண்டி ஹீட் ஆகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் பழக்கம் உண்டு. அது பெரிய தவறு. இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று எண்ணிக் கூடுதல் பெட்ரோல் விடும். நெடுஞ்சாலையில் வெகுதூரம் ஓடியும் டெம்பரேச்சர் முள் கீழேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். கார்புரேட்டர் வண்டியென்றால் சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள்.

புகைச் சான்றிதழ் எடுக்கும்போது கார்பன் மோனாக்சைடு எண்ணை வாசியுங்கள். பி.எஸ்.2, பி.எஸ்.3 பெட்ரோல் கார்களுக்கு வரம்பு 0.5 சதவீதம், பி.எஸ்.4-க்கு 0.3, அவற்றுக்கு முந்தைய வண்டிகளுக்கு 3. வரம்பைத் தாண்டியிருந்தால் கலவை தடித்திருக்கிறது. அப்போதுதான் கார்புரேட்டர் டியூனிங், ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும்.

படி 7: கடைசியில் கம்ப்ரஷன்

இவ்வளவுக்குப் பிறகும் தேறவில்லை என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

இன்ஜின் வேலைக்குச் சம்மதிக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் வண்டி 12-லிருந்து 15-க்கு ஏறினால் மிச்சமாவது 8 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்குச் சுமார் 10,000 ரூபாய். மெக்கானிக் சொல்லும் தொகை அதைப்போல மூன்று, நான்கு மடங்கென்றால், பெட்ரோலுக்காக மட்டும் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது, எஃப்.சி.க்கு நிற்காது என்றால் மட்டும் பிரியுங்கள்.