விதானையாரின் பதிவேட்டில் ஒரு வரி

கேள்வி: ஐயா, எனக்குப் பிறந்த ஊர் முருங்கன். கலியாணம் முடித்து அடம்பனுக்கு வந்து நாலு வருஷம். கணவர் கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே பிறர் வயலில் கூலிக்குப் போகிறவர். கார்த்திகை வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், வேலையும் நின்றுபோயிற்று. வீட்டில் இரண்டு நாள் அரிசிதான் இருந்தது. அயல் வீடுகளுக்கு உலர் உணவு கொடுத்தார்கள். எங்கள் பெயர் இங்கே பதிவில் இல்லை என்று எங்களுக்குக் கிடைக்கவில்லை. அஸ்வெசுமவுக்கு மேன்முறையீடு செய்து காத்திருக்கிறோம். கச்சேரிக்கு நேரே பெட்டிசம் எழுதச் சொல்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேர். ஒன்றுக்கு ஏழு வயது, மற்றதுக்கு இரண்டு. இப்படியான நேரத்தில் அரசாங்க உணவு உதவியைக் கெதியாகப் பெற யாரிடம் போக வேண்டும்?
ஒரு வாசகி, கட்டுக்கரை

பதில்: சகோதரி, பசியோடிருப்பவரை இதழ் வெளிவரும் நாள்வரை காக்க வைப்பது தர்மமன்று எனக் கருதி, தங்கள் கடிதம் கிடைத்த அன்றே சுருக்கமாக ஒரு மறுமொழியைத் தபாலில் சேர்த்துவிட்டோம். இங்கே அதை விரித்து எழுதுவது, தங்களைப் போலவே இருப்பிடம் ஓர் ஊரிலும் பதிவு இன்னோர் ஊரிலுமாக இருக்கும் குடும்பங்கள் அடுத்த மாரியிலாவது இந்தச் சங்கடத்துக்கு ஆளாகாதிருக்க வேண்டும் என்பதற்காக.

தங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன; முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம். அஸ்வெசும என்பது, 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மாதாந்தக் கொடுப்பனவு. வீட்டின் நிலை, மின்சாரப் பாவனை, படிப்பு, நோய், உடைமை என்றிவற்றையெல்லாம் கணக்கிட்டு ஒரு குடும்பம் எவ்வளவு வறியது என்று நிர்ணயித்த பின்னர், வங்கிக் கணக்கில் காசாக வந்து சேர்வது. வெள்ள நிவாரணமோ வறுமையைப் பார்ப்பதில்லை. அனர்த்தத்தால் ஒரு குடும்பம் பாதிக்கப்பட்டதா என்ற ஒன்றையே பார்க்கிறது. ஆகவே அஸ்வெசுமப் பட்டியலில் பெயர் இல்லாத காரணத்தால் உலர் உணவும் கிடையாது என்று யாரேனும் சொன்னால், அவர் அறியாமல் சொல்கிறார்; தாங்களும் அதை நம்பி வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

வெள்ள நிவாரணத்துக்கு வாசல் ஒன்றே. அது கிராம அலுவலரின் காரியாலயம். தலைமைக்காரர் முறையை ஒழித்து 1963இல் கிராம சேவையாளரை நியமித்தார்கள். அதன் பின்னர் உத்தியோகத்தின் பெயரும் மாறிவிட்டது. ஆயினும் நம் பகுதியில் இன்றைக்கும் அவர் விதானையார்தான். அருவி ஆறு பெருகித் தேக்கம் அணைக்கட்டைத் தாண்டித் தண்ணீர் ஊருக்குள் புகுந்த நாளில், பாதிக்கப்பட்ட குடும்பங்களை எண்ணி, ஒவ்வொன்றிலும் எத்தனை தலை, அவற்றில் குழந்தை எத்தனை, கர்ப்பிணி உண்டா என்று எழுதிப் பிரதேச செயலகத்துக்கு அனுப்புகிறவர் அவரே. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பிரதேச செயலாளர் முதல் சில நாட்களுக்குச் சமைத்த உணவுக்கும், பின்னர் ஒரு வாரக் கணக்கில் உலர் உணவுக்கும் அனுமதி கொடுக்கிறார். சங்கக்கடைத் திண்ணையில் அரிசியும் பருப்பும் சீனியும் நிறுத்துக் கொடுக்கிறவரின் கையில் இருப்பது அந்தப் பட்டியலின் பிரதிதான். அதில் இல்லாத பெயருக்குத் தராசு தாழாது. எனவே விரைவு வேண்டுமாயின், பட்டியல் எழுதி முடிந்தபின் சங்கக்கடை வாசலில் நின்று வாதாடுவதை விட, அது எழுதப்படும் அன்றைக்கே அதில் ஒரு வரியாக இடம்பெறுவதே காரியம். வெள்ளம் வந்த அன்று, இயலாவிடில் மறுநாள், தாங்களே போய்ச் சொல்லுங்கள். விதானையார் வீடுவீடாக வருவார் என்று காத்திருக்க வேண்டாம். போகும்போது குடும்பத்தினர் எல்லோருடைய அடையாள அட்டைகளையும், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் ஒரு சொப்பின் பையில் நனையாமல் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். 1990க்குப் பின் மடுவிலும் பிற இடங்களிலும் இடம்பெயர்ந்திருந்த நம் தாய்மார், ஓடும்போது நகையை மறந்தாலும் நிவாரண அட்டையை மறந்ததில்லை. அந்த விவேகத்தை நாம் கொஞ்சம் இழந்துவிட்டோம் போலத் தோன்றுகிறது.

இனித் தங்கள் பிரத்தியேகச் சிக்கல். முருங்கன் நானாட்டான் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது, அடம்பன் மாந்தை மேற்கைச் சேர்ந்தது. ஆகவே தங்கள் பதிவு ஓர் ஊரைத் தாண்டியதோடு ஒரு பிரிவையும் தாண்டி நிற்கிறது. ஒரே குடும்பம் இரண்டிடத்தில் நிவாரணம் எடுத்துவிடுமோ என்பதே அலுவலரின் அச்சம். அந்த அச்சம் அநியாயமானதுமன்று. அதை நீக்க ஒரு கடுதாசி போதும். இக்குடும்பம் தமது பிரிவில் நிவாரணம் பெறவில்லை, இப்போது அடம்பனில் வசிக்கிறது என்று முருங்கன் கிராம அலுவலர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தாலே, இங்குள்ளவர் தங்களைச் சேர்த்துக்கொள்ள வழி பிறக்கும். பாதை வெட்டுப்பட்டிருந்தால் ஒருவரோடொருவர் தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்ளும்படி வேண்டலாம். அப்படியும் மறுத்தால், பிரதேச செயலாளருக்கு ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதி, நேரில் கொடுத்து, திகதி முத்திரை இட்ட பிரதியொன்றைக் கேட்டு வாங்குங்கள். தமிழில் எழுதுவது தங்கள் உரிமை. பெட்டிசம் எழுதுகிறவருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, நேரே எழுதுவதை நாம் சிபாரிசு செய்யோம். அங்கு போகும் கடிதம் பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து அதே விதானையாருக்கும் அறிக்கைக்காகத் திரும்பி வரும். அந்தச் சுற்றில் அரிசிப் பானை இரண்டுமுறை காலியாகிவிடும். ஆனால் வீட்டில் தண்ணீர், வெளியேற வழியில்லை, உண்ண ஒன்றுமில்லை என்னும் நிலையில் முறையெல்லாம் பார்க்க வேண்டாம்: அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அழையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் வந்தபோது, நம் நாட்டார் பலருக்கு அந்த மூன்று எண்களும் மனப்பாடமாயின.

சின்னப் பிள்ளைக்கு வேறொரு வழியும் உண்டு. குழந்தையின் நிறை குறைந்திருந்தால், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிக் கிளினிக்கில் திரிபோஷா சத்துமா பெறலாம். இதற்கு வெள்ளமும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம், குழந்தையின் வளர்ச்சி அட்டை இருந்தால் போதும். மூத்த பிள்ளைக்குப் பாடசாலை திறந்ததும் மதிய உணவு உண்டு. ஆகையால் வெள்ளம் வடிந்த பிறகும் துப்புரவு வேலை என்று பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள். அரசாங்கக் கை எட்டுமுன் வரக்கூடிய உதவிகளில், கத்தோலிக்கத் தொண்டு நிறுவனமான மன்னார் கரித்தாஸ் வாழ்வுதயத்தை மதபேதமின்றி எவரும் நாடலாம்.

இவ்விடத்தில் சற்றே விலகிப் பேச வாசகர் அனுமதிக்க வேண்டும். பட்டியலில் பெயர் உண்டா இல்லையா என்ற இந்தக் கேள்வி, நம் பாட்டனார் காலத்தில் இவ்வளவு கூர்மையாக எழுந்ததில்லை. யுத்தகாலமான 1942இல் உணவுப் பங்கீடு வந்தபோது, கூப்பன் புத்தகம் ஏழை பணக்காரன் என்ற பேதமின்றி எல்லா வீட்டுக்கும் வந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது நாடே ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் செய்ததும், பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்ததும், அந்த அரிசி எல்லோருடைய அரிசியாக இருந்தமையால்தான். 1979இல் உணவு முத்திரை வந்தது. அக்காலத்திலிருந்து அரிசி, வறியவர் என்று எழுதப்பட்டவர்களுடைய அரிசியாயிற்று. யார் வறியவர் என்ற வழக்கு, பெயர்கள் ஜனசவிய, சமுர்த்தி, அஸ்வெசும என்று மாறி மாறி வந்தும், இன்னும் தீரவில்லை.

அதனால் நேரும் குறை ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. வெள்ளத்துக்கு அழைக்க 117 இருக்கிறது. வெள்ளம் வடிந்து, உலர் உணவு தீர்ந்து, அழுகிய நெல்லால் மாசியில் அரிவு வெட்டும் இல்லாமல், கூலிக்காரன் சும்மா இருக்கும் நாட்களின் பசிக்கு அழைக்க இலக்கம் இல்லை. வயல்காரருக்குக் கமநல சேவை நிலையம் நஷ்டம் எழுதும். அந்த வயலில் கூலி செய்தவரின் நஷ்டத்தை எழுத நாமறிய ஒரு படிவமும் இல்லை. இதை அரசாங்கத்தின் குறையென்றே எண்ணுகிறோம். எனினும் இருப்பதைப் பயன்படுத்த வேண்டும்: தங்கள் மேன்முறையீடு எங்கே நிற்கிறது என்று நலன்புரி நன்மைகள் சபையின் 1924 இலக்கத்தில் விசாரியுங்கள், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, நம்மவர் ‘பிச்சைச் சம்பளம்’ என்று கூசிச் சொல்லும் மாதாந்த உதவிப்பணத்துக்குத் தங்கள் வீட்டில் எவரும் உரியவரா என்று கேளுங்கள். அந்தப் பெயரில்தான் கூச்சம் இருக்கிறது. பணம் பொதுமக்களுடைய வரிப்பணம்.

கலியாணம் முடித்தோ வேலை தேடியோ ஊர் மாறி வந்த மற்ற வாசகர்களும் தங்கள் பதிவை ஐப்பசி மழைக்கு முன்னரே மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தபின் விதானையார் காரியாலயத்தில் இருக்கமாட்டார், தோணியில் இருப்பார்.