இரண்டு பக்கமும் கேளுங்கள்!
(வேத பாடம்)



மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்துச் சபைகளுக்கு ஜெபிக்கப் போகும்போது ஒரு காரியம் என் இருதயத்தை வேதனைப்படுத்துகிறது. "அந்தச் சிஸ்டருக்கு யாரோடயோ தொடர்பாம்" என்று ஒருத்தர் சொன்னால் போதும், அடுத்த ஞாயிறே அவளுக்குத் திருவிருந்து கிடையாது. ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவள் தீபாவளி சமயத்தில் ராத்திரி லேட்டாக வீடு திரும்புவதே சாட்சியாகிவிடுகிறது! காணிக்கை அதிகம் போடுகிற சகோதரன்மேல் புகார் வந்தாலோ, "ஜெபிப்போம்" என்று மூடிவிடுகிறார்கள். இது தேவ நீதியா?

1. சாட்சி வேண்டும். ஒரே ஒருவர் சொன்னதை வைத்து யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது என்பது உபா. 19:15 கற்பிக்கும் பாடம். போத்திபாரின் மனைவி யோசேப்பின் வஸ்திரத்தைக் காட்டினாள் (ஆதி. 39). வஸ்திரம் நிஜம், அவள் சொன்ன கதை பொய். இன்றைக்கு வஸ்திரத்துக்குப் பதில் வாட்ஸ்அப் படம் வருகிறது. தீர விசாரியுங்கள்.

2. தரிசனம் சாட்சியல்ல. உபவாச ஜெபத்தில் "கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று பேரைச் சொல்லிவிடுகிறார்கள். ஆவியின் வரங்களை நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் தீர்க்கதரிசனத்தையும் நிதானித்துப் பார்க்கவேண்டும் என்று 1 கொரி. 14:29 போதிக்கிறதே!

3. இருவரையும் கேளுங்கள். நிக்கொதேமு பரிசேயரிடம் இதைத்தான் கேட்டான் (யோவான் 7:51). 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்தின் 11-ம் பிரிவுப்படி, விபசாரம் என்று மனுப்போடுகிறவர், யாரோடு என்று சொல்லுகிறாரோ அவரையும் வழக்கில் சேர்க்கவேண்டும். கோர்ட் விலக்குக் கொடுத்தால் மட்டும் வேண்டாம். கோர்ட்டில் கிடைக்கிற அந்த இடம் சபையில் கிடைக்க வேண்டாமா?

4. ஒரே அளவு. அதே சட்டத்தில் 2001 வரை, கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் விபசாரம் மட்டும் போதும். மனைவியோ அதோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001 திருத்தம் இருவரையும் சமமாக்கியது. 2018 செப்டம்பர் 27-ல் ஜோசப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தண்டனைச் சட்டம் 497-ம் பிரிவை ரத்து செய்தது. ஆகவே விபசாரத்துக்கு ஜெயில் இல்லை. ஆனால் விவாகரத்துக்கு அது இன்னும் காரணம்தான், தேவனுக்கு முன் இன்னும் பாவம்தான். லேவி. 20:10 இருவரையும் குற்றவாளியாக்குகிறது. யோவான் 8-ல் ஸ்திரீயை மட்டும் இழுத்து வந்தார்களே, அந்த ஆண் எங்கே போனான்? ஊழியக்காரன் ஆனாலும் பட்சபாதம் கூடாது (1 தீமோ. 5:19-21).

5. முடிவு வெளிச்சத்தில் இருக்கட்டும். குற்றம் மெய்யானால் மூடாதீர்கள், சாந்தத்தோடு சீர்ப்படுத்துங்கள் (கலா. 6:1). காயப்பட்ட துணையை, "உடனே மன்னிச்சுடு" என்று நெருக்காதீர்கள். சந்தேகத்தால் வீட்டில் அடி உதை நடந்தால், முதலில் அவளைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்து, போலீஸ் உதவியைத் தேடுங்கள். குற்றம் பொய்யானால், எந்தச் சபை முன் பேர் கெட்டதோ அதே சபை முன் அதைச் சொல்லி, திருவிருந்தில் மறுபடியும் உட்காரவையுங்கள். பொய்ச்சாட்சியும் கணக்குக் கொடுக்கவேண்டும் (உபா. 19:18-19).

பிரியமானவர்களே, எழுப்புதலுக்காகக் கதறி ஜெபிக்கிறோம். அநியாயத் தீர்ப்பால் ஒரு ஆத்துமா வாசலுக்கு வெளியே அழுதுகொண்டிருந்தால் எழுப்புதல் எப்படி வரும்? நியாயாதிபதி வாசற்படியில் நிற்கிறார். மாரநாதா!