வளையம் போட்டால் கருப்பை கெட்டுவிடுமா?



கருமத்தம்பட்டி சுற்றுவட்டாரத்தில் தறிக்குடோன் வாசலிலும் தோட்டத்துச் சாளையிலும் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஏனுங்க, காப்பர்-டி போட்டா கருப்பை புண்ணாயிருமுங்களா? அப்புறம் ரெண்டாவது குழந்தை தங்காதுங்களா?" நியாயமான பயந்தான். பதிலைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

வளையம் உள்ளே என்ன செய்கிறது?

கருப்பையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. மாதவிலக்கில் அதன் மேற்பகுதி உதிர்ந்து போகும். பிறகு புதிதாக வளரும். காப்பர்-டியிலிருந்து தாமிரம் சிறிது சிறிதாகக் கசியும். அது விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. உட்சவ்விலும் லேசான அழற்சி உண்டாகி, வெள்ளை அணுக்கள் அங்கே கூடுகின்றன. அதனால் கருத்தரிப்பது தடைப்படுகிறது. இந்த அழற்சி புண் அல்ல, சீழ் அல்ல, புற்றுநோயும் அல்ல. இதே காரணத்தால்தான் முதல் 3 முதல் 6 மாதங்கள் வரை மாதவிலக்கில் போக்கும் வலியும் சற்று அதிகமாகலாம். இரத்தசோகை உள்ளவர்கள் இரும்புச்சத்து மாத்திரை பற்றிச் செவிலியரிடம் கேளுங்கள்.

எடுத்த பிறகு?

தாமிரம் போனால் அழற்சியும் அடங்கிவிடும். சவ்வு பழைய நிலைக்கு வந்துவிடும். எடுத்த அந்த மாதமே கூட கரு தங்கலாம். குழந்தை வேண்டி வளையத்தை எடுத்தவர்களில் 100-க்குச் சுமார் 80 பேர் ஓராண்டிற்குள் கருத்தரிக்கிறார்கள். 28 வயதில் போட்டு 38-ல் எடுத்தால் கருத்தரிக்கத் தாமதமாகலாம். அது வயதின் காரணம், வளையத்தின் குற்றம் அல்ல.

பின்னே பயம் எப்படி வந்தது?

1965-ல் நம் நாட்டில் 'லூப்' வந்தபோது, போக்கு அதிகமாகும் என்று பலரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. போட்ட பின்பும் சரிவரக் கவனிக்கவில்லை. அந்தக் கசப்பு பாட்டிமார் வாய்வழியாக இன்றும் நிற்கிறது. 2002 முதல் அரசுத் திட்டத்தில் வந்தது காப்பர்-டி 380ஏ. இது 10 ஆண்டு பலன் தரும். 5 ஆண்டு வகையும் உண்டு.

மெக்சிகோ நகரில் 1,895 பெண்களை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார்கள். கருக்குழாய் அடைப்புக்கும் காப்பர் வளையத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. பால்வினைத் தொற்றான கிளமிடியா கண்டவர்களிடமே அடைப்பு அதிகம் தெரிந்தது. ஆக, மலடாக்குவது வளையமல்ல. கவனிக்காமல் விட்ட தொற்றே.

ஆகவே கவனியுங்கள்

1. வெள்ளைப்படுதலில் நாற்றம், அடிவயிற்று வலி, காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தால் முதலில் சிகிச்சை, வளையம் பிறகு.

2. போட்ட முதல் 20 நாட்களில்தான் தொற்று அபாயம் சற்று அதிகம். காய்ச்சல், கடும் வலி வந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க.

3. மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, நூல் கைக்குத் தட்டுப்படாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். அபூர்வமாக வளையத்தோடே கரு தங்குவதுண்டு. அது குழாயில் தங்கினால் உயிருக்கு ஆபத்து.

4. பிரசவமான 48 மணி நேரத்திற்குள் போடலாம். தவறினால் 6 வாரம் கழித்துப் போடலாம்.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை

வளையம் பால்வினை நோயைத் தடுக்காது. உங்களிடமிருந்து தொற்று வந்தால், பாதிப்பது உங்கள் மனைவியின் கருக்குழாயை. எரிச்சலோ புண்ணோ இருந்தால் வெட்கப்படாமல் இருவரும் சேர்ந்து வைத்தியம் பாருங்கள். அதுவரை ஆணுறை அவசியம்.

வளையம் போடுவதா, வேறு முறையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். யாரும் கட்டாயப்படுத்த முடியாது. போட்ட பின் வேண்டாமென்று தோன்றினால் எந்த நாளும் வாங்க. அரசு நிலையத்தில் போடுவதும் இலவசம், எடுப்பதும் இலவசம். ஆனால் வீட்டில் நீங்களாக நூலை இழுத்துவிடாதீங்க.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். மாமியாரையும் கூட்டி வாருங்கள், அவருக்கும் சொல்லுகிறோம்.