‘நாளை பார்த்துக்கொள்ளலாம்’: கஅப் (ரலி) அவர்களின் வாழ்வு தரும் பாடம்





திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன், கணக்குப் பார்க்காத ஸகாத், களாவாகிப்போன தொழுகைகள், பேச்சை நிறுத்திவிட்ட உடன்பிறப்பு... இவற்றில் ஏதாவது ஒன்று நம்மில் பலரிடம் பாக்கி இருக்கிறது. "செய்ய மாட்டேன்" என்று யாரும் சொல்வதில்லை. "இன்ஷா அல்லாஹ், செய்துவிடலாம்" என்கிறோம். அழகான அந்தச் சொல்லையே தள்ளிப்போடுவதற்குத் திரையாக ஆக்கிவிட்டோம்.

கஅப் பின் மாலிக் (ரலி)

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு. தபூக்கிற்குப் புறப்பட நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். கடும் வெயில், மதீனாவில் கனிகள் பழுத்திருந்த நேரம். கஅப் (ரலி) அவர்கள் அகபாவில் உறுதிமொழி கொடுத்தவர். அவரிடம் வசதி இல்லாமல் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்போதுதான் இரண்டு வாகனங்கள் அவரிடம் இருந்தன.

தினமும் காலையில், பயணத்துக்குத் தயாராக வேண்டும் என்று போவார். ஒன்றும் செய்யாமல் திரும்புவார். நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் முடித்துவிடலாம் என்று மனம் சொன்னது. படை புறப்பட்டுவிட்டது. ஓரிரு நாளில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று எண்ணினார். அதுவும் நடக்கவில்லை. பிறகு தெருவில் இறங்கிப் பார்த்தால், நயவஞ்சகர்களும் இயலாதவர்களும்தான் ஊரில் மிஞ்சியிருந்தார்கள்.

சகோதரர்களே! அவரைத் தடுத்தது ஈமானின் குறைவு அல்ல, வறுமையும் அல்ல. "என்னால் முடியும்" என்ற நினைப்பே அவரை உட்கார வைத்தது. நம்மையும் அதுதான் உட்கார வைக்கிறது.

சாக்கு சொல்லாத நாவு

நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்ததும் பலர் பொய்க் காரணம் சொன்னார்கள். கஅப் (ரலி) அவர்களோ, தம்மிடம் எந்தக் காரணமும் இல்லை என்று உண்மையை ஒப்புக்கொண்டார்கள். அவரோடும், முராரா, ஹிலால் (ரலி) ஆகியோரோடும் ஐம்பது நாட்கள் மக்கள் பேசவில்லை. பூமி விசாலமாக இருந்தும் அவர்களுக்கு நெருக்கடியானது. இறுதியில் அல்லாஹ் அவர்களின் தவ்பாவை ஏற்றான். அத்தவ்பா அத்தியாயத்தின் 118ஆம் வசனம் இதைப் பேசுகிறது.

நாம் முதலில் நிறுத்த வேண்டியது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சாக்குகளைத்தான். "நேரமில்லை" என்பதை விட்டுவிட்டு, "நான் செய்யவில்லை" என்று ஒப்புக்கொள்வோம். திருத்தம் அங்கேதான் தொடங்கும்.

சிறிதாக, ஆனால் நிலையாக

குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் முடிக்கக் கிளம்புகிறவர் அடுத்த வாரம் களைத்துவிடுவார். ஒவ்வொரு ஃபர்ளு தொழுகையோடும் ஒரு களா தொழுகை. ஃபஜ்ருக்குப் பிறகு குர்ஆனில் ஒரு பக்கம். சம்பளம் வந்த அன்றே, செலவுக்கு முன், கடனுக்கு ஒரு தொகை. ஐவேளைத் தொழுகை நம் நாளை ஏற்கனவே பிரித்து வைத்திருக்கிறது. வேலையை ஏதாவது ஒரு வக்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

மரண சாசனம் எழுத வேண்டியவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக்கூடக் கழிக்கக் கூடாது என்பது நபிமொழியின் கருத்து. நமக்கு எத்தனை இரவுகள் கழிந்துவிட்டன!

ஆகவே, தள்ளிப்போட்ட ஒரே ஒரு காரியத்தை இன்று அஸருக்கு முன் தொடங்குங்கள். முடிக்க வேண்டாம், தொடங்கினால் போதும். அந்தச் சகோதரருக்கு ஒரு ஸலாம் சொல்வதாக இருந்தாலும் சரி.

வல்ல அல்லாஹ் நம் நேரத்தில் பரக்கத் செய்து, நல்லமல்களில் நிலைத்திருக்க தவ்ஃபீக் தருவானாக! ஆமீன்.