பச்சை ஏறியதெல்லாம் பழசா?

ஆரணியில் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதோ, தறிக்குழியை ஆழப்படுத்தும்போதோ, பச்சை பூத்த பாத்திரம் ஒன்று மண்வெட்டியில் தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வயதை யாராலாவது சொல்ல முடியுமா, முடியாதா என்பது பெரும்பாலும் அடுத்த ஒரு மணி நேரத்திலேயே முடிவாகிவிடும். அந்த நேரத்தில் வேலை செய்பவை நம்பிக்கைகள்தான்.

நம்பிக்கை: களிம்பு ஏறியிருந்தால் ஆயிரம் வருடம் பழசு.

ஈரமும் உப்பும் உள்ள மண்ணில் சில பத்தாண்டுகளே கிடந்தாலும் செம்பும் வெண்கலமும் பச்சையாகும். உப்பும் காடியும் தடவி, போலி செய்பவர்கள் சில நாட்களிலேயே அந்த நிறத்தை வரவழைத்துவிடுகிறார்கள். ஆகவே நிறத்தைவிட அடுக்குதான் முக்கியம். நெடுங்காலம் புதைந்திருந்த வெண்கலத்தில் உலோகத்தை ஒட்டிச் சிவந்த ஆக்சைடு இருக்கும். அதன்மேல் பச்சை கெட்டியாகப் படிந்திருக்கும், மண் துகள்கள் அதற்குள்ளேயே இறுகிப் போயிருக்கும். பூசிய பச்சை பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். சுரண்டினால் நேராகப் புது உலோகம் தெரியும்.

ஆனால் வெளிர்பச்சைப் பொடி உதிர்கிறது என்பதற்காகப் போலி என்று ஒதுக்கவும் கூடாது. மண்ணிலுள்ள குளோரைடு அசல் வெண்கலத்தையும் அப்படித்தான் அரிக்கும். இந்த அரிப்பு நோய்க்கு வைத்தியம் பார்க்கத்தான் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் ஆய்வகமே தொடங்கினார்கள்.

நம்பிக்கை: புளி போட்டு விளக்கினால் உண்மை தெரிந்துவிடும்.

விளக்கினால் உண்மை கழுவிக்கொண்டு போய்விடும். இதைச் சொல்லும்போதே எனக்கு மனம் பதறுகிறது. மேலே சொன்ன அடுக்குகள்தாம் சாட்சி, புளியின் அமிலம் அவற்றைக் கரைத்துவிடும். பாத்திரத்துக்குள் இருக்கும் மண்ணையும் கொட்டக் கூடாது. வெண்கலத்துக்கு நேரடியாகக் கார்பன் தேதி பார்க்க முடியாது. ஆனால் அந்த மண்ணில் ஓர் உமியோ கரித்துண்டோ இருந்தால் அதற்குப் பார்க்கலாம்.

பத்தூர் நடராஜரை நினைத்துப் பாருங்கள். 1976இல் ஒரு கூலித் தொழிலாளி தோண்டியபோது கிடைத்து, கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்த சிலை அது. அங்கே நடந்த வழக்கில், சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூட ஆராயப்பட்டன. 1991இல் சிலை தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. யாரோ ஒருவர் அதைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தால் அந்தச் சாட்சியம் ஏது?

நம்பிக்கை: கணீரென்று ஒலித்தால் தங்கம் கலந்தது.

அந்த ஒலிக்கும், பொன்னிறத்துக்கும் காரணம் வெள்ளீயம். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த வெண்கலப் பாத்திரங்களில் சிலவற்றை உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் சோதித்தார். அவற்றில் வெள்ளீயம் ஏறக்குறைய 23 சதவீதம். பழுக்கக் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் தோய்த்துச் செய்தவை. இதே உத்தியில் கேரளக் கைவினைஞர்கள் அண்மைக்காலம் வரை பாத்திரம் செய்ததையும் அவரே பதிவு செய்திருக்கிறார். ஆகவே உத்தி மட்டும் வயதைச் சொல்லாது. ஆதிச்சநல்லூர்ப் பாத்திரங்களின் தொன்மையை நாம் நம்புவதற்குக் காரணம், அவை முதுமக்கள் தாழிகளோடும் இரும்புக் கருவிகளோடும் கிடைத்தன என்ற பதிவு.

நகைக்கடையில் தங்கம் சோதிக்கும் எந்திரத்தில் வைத்துக் கலவையைப் பார்க்கலாமே என்பார்கள். அது மேற்பரப்பை மட்டும் படிக்கும். அரிப்பு ஏறிய மேற்பரப்பின் கலவை உள்ளே இருப்பதைப் போல இருக்காது. ஜரிகையை மினுக்கை வைத்து மதிப்பிடாமல் பிரித்து உள்நூலைப் பார்க்கும் நம் நெசவு ஊருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: இடி விழுந்த கலசம் இரிடியமாக மாறி அரிசியை இழுக்கும்.

முழுப் பொய். மின்னல் ஒரு தனிமத்தை இன்னொன்றாக மாற்றாது. இரிடியம் அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத்தூளைப் பூசி, பாத்திரத்தில் காந்தத்தை ஒளித்துவைத்து நடத்தும் மோசடி இது. தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் இதில் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். “பழைய வெண்கலம் இருக்கிறதா?” என்று கேட்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நம்பிக்கை: சொன்னால் அரசாங்கம் சும்மா எடுத்துக்கொண்டு போய்விடும்.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைப்பது குற்றம். உரிமையாளர் இல்லாத பொருள் என்று முடிவானால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும்.

எனவே பாத்திரம் கிடைத்தால் தோண்டுவதை நிறுத்துங்கள். கிடந்த நிலையிலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். எவ்வளவு ஆழம், கூட என்னென்ன கிடந்தன என்று எழுதி வையுங்கள். கழுவாமல், உள்மண்ணைக் கொட்டாமல், கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.