டிஷ்வாஷருக்கும் செட்டிங் உண்டு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இவ்வளவு பணம் கொடுத்தேன், ஏன் ஒழுங்காக வேலை செய்யவில்லை?" என்பதுதான். பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. ஏதாவது ஒரு செட்டிங்கை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொண்டிருந்த நானே சென்ற ஆண்டு அதே கேள்வியைக் கேட்டேன், ஒரு டிஷ்வாஷரைப் பார்த்து.

அம்மாவுக்கு விரல்களில் தோல் வெடிப்பு. பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் 46 ஆயிரம் ரூபாய்க்கு, மாதத் தவணையில், ஒரு டிஷ்வாஷர் வாங்கினேன். கம்பெனி ஆள் வந்து பைப்பை மாட்டினார், பட்டனை அழுத்திக் காட்டினார், கையெழுத்து வாங்கிக் கொண்டு போய்விட்டார். முதல் நாளே எவர்சில்வர் டம்ளர்கள் சாக்பீஸ் தூள் பூசியது போல வெளியே வந்தன. சாம்பார்க் கிண்ணத்தின் அடியில் பருப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு வாரம் கழித்து, இரவு பதினோரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். மெஷினில் கழுவிய பாத்திரங்களை அம்மா சோப்புப் போட்டு மறுபடி தேய்த்துக் கொண்டிருந்தார். "நீ வருத்தப்படுவேன்னுதாம்பா சொல்லலை" என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு யூசர் மேனுவலை எடுத்து உட்கார்ந்தேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

டிஷ்வாஷர் பாத்திரத்தைத் தேய்ப்பதில்லை. சுழலும் கைகளில் உள்ள துளைகள் வழியே சூடான நீரைப் பீய்ச்சி அடிக்கிறது. 1886-ல் அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி காப்புரிமை பெற்ற மெஷினும் நீரைப் பீய்ச்சித்தான் கழுவியது. இன்றைய மெஷினில் கூடுதலாக ஒரு மைக்ரோகண்ட்ரோலர் இருக்கிறது. பிராசஸர், மெமரி எல்லாம் ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர் இது. உங்கள் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டும் மவுஸும் போல இதற்குச் சென்சார்கள். மானிட்டர், பிரிண்டர் இருக்கும் இடத்தில் பம்ப், ஹீட்டர், சோப்புப் பெட்டியின் மூடி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இந்தச் சென்சார்களில் ஒன்றுதான் எங்களை ஏமாற்றியது. உண்மையில் நாங்கள்தான் அதை ஏமாற்றினோம். கழுவிய நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, எதிர்ப்பக்கம் அதை வாங்கும் கருவி, நடுவில் நீர். ஒளி குறைவாக வந்து சேர்ந்தால் அழுக்கு அதிகம், நன்றாக வந்தால் பாத்திரம் சுத்தம். ஆட்டோ புரோகிராமில் எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் கழுவுவது என்பதை இதை வைத்துத்தான் மெஷின் முடிவு செய்கிறது. அம்மாவோ ஒவ்வொரு பாத்திரத்தையும் குழாயில் ஒருமுறை அலசிவிட்டுத்தான் உள்ளே வைப்பார். மேலாக இருந்த குழம்பு போய்விடும், ஒட்டிய பருப்பு போகாது. தெளிந்த நீரைப் பார்த்த மெஷின், வேலை முடிந்தது என்று சீக்கிரமே நிறுத்திக் கொண்டது. தவறான இன்புட் கொடுத்தால் தவறான அவுட்புட்தான் வரும் என்று கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே படித்தேன். மார்க்கும் வாங்கினேன்!

அலசுவதை நிறுத்தி, மிச்சத்தை மட்டும் வழித்துப் போட்டு, 70 டிகிரி புரோகிராமில் ஓட்டினோம். பருப்பு போய்விட்டது. வெள்ளைப் படலம் போகவில்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இங்கே ஒரு தப்பு செய்தேன். சோப்புத் தூளை மாற்றினேன், அளவைக் கூட்டினேன், அலசும் திரவத்தையும் அதிகமாக்கினேன், எல்லாம் ஒரே நாளில். டம்ளர் இன்னும் வெளுத்தது. எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு வந்தாலும் இப்படிச் செய்யாதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றி, என்ன ஆயிற்று என்று நோட்டில் எழுதிய பிறகு அடுத்ததைத் தொடவும்.

பழைய நிலைக்குத் திரும்பி, ஒரு டம்ளரில் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்தேன். படலம் கரைந்தது. அமிலத்தில் கரைகிறது என்றால் அது உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு. எங்கள் அபார்ட்மென்ட்டில் போர்வெல் தண்ணீர். இதற்காகவே மெஷினுக்குள் ரெசின் நிரம்பிய ஒரு பகுதி இருக்கிறது. நீரில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது பிடித்துக் கொண்டு சோடியத்தை விடும். பிடித்துப் பிடித்து நிரம்பியதும் உப்புக் கரைசலால் அதைக் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். எத்தனை நாளைக்கு ஒருமுறை புதுப்பிப்பது? அதைச் சொல்வதுதான் கடினத்தன்மை செட்டிங். தண்ணீரின் கடினத்தன்மையை அந்த மெஷின் தானாக அளப்பதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆர்ஓ மெஷின்காரர்கள் பேனா போல ஒரு கருவியை வைத்து டிடிஎஸ் பார்ப்பார்களே, அது இதற்குப் போதாது. அது கரைந்த உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். கடினத்தன்மையை மட்டும் தனியே சொல்லாது. மீன் தொட்டி விற்கும் கடையில் சொட்டு மருந்து போல ஒரு டெஸ்ட் கிட் வாங்கினேன். நிறம் மாறும் வரை ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டு என்பது ஒரு ஜெர்மன் டிகிரி, அதாவது லிட்டருக்குச் சுமார் 17.8 மில்லிகிராம். 26-வது சொட்டில்தான் நிறம் மாறியது. கணக்குப் போட்டால் சுமார் 460. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 200 வரை ஏற்கலாம் என்கிறது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை.

எங்கள் மெஷினில் இந்தச் செட்டிங் 0 முதல் 7 வரை. ஃபேக்டரியிலிருந்து வந்தது 4. மேனுவலில் இருந்த அட்டவணைப்படி எங்களுக்கு வேண்டியது 6. பட்டனை ஆறு விநாடி அழுத்திப் பிடித்து மாற்றினேன். உப்புப் பெட்டியையும் திறந்து பார்த்தேன். காலி! முன்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு இத்தனை நாளும் எரிந்து கொண்டுதான் இருந்தது. அது பவர் லைட் என்று நினைத்திருந்தேன். சமையல் உப்பைப் போட்டுவிடாதீர்கள். அதில் கலந்திருப்பவை ரெசினைப் பாழாக்கும். இதற்கென்றே விற்கும் உப்பைப் போட்டு, சிந்தியதை உடனே கழுவி விடவும். மூன்றாம் நாள் டம்ளர் பளபளத்தது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். கம்ப்யூட்டரின் ராம் மெமரியில் சேவ் செய்யாதது போய்விடும் அல்லவா? எங்கள் மெஷின், கரண்ட் போனாலும் அழியாத மெமரியில் எங்கே நின்றது என்பதை எழுதி வைத்துக் கொண்டு, அங்கிருந்தே தொடர்கிறது.

ஆனாலும் முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். அலுமினியப் பாத்திரம் உள்ளே போனால் கறுத்துவிடும். பித்தளை மங்கும். இரும்பு தோசைக்கல்லின் எண்ணெய்ப் பதம் போய்விடும். தட்டையான தட்டுகளுக்காகச் செய்த கூடையில் குண்டான் வைத்தால் பாதி இடம் போச்சு. கடையில் இதில் ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை. வாங்க நினைப்பவர்கள், வீட்டுப் பாத்திரங்களில் எத்தனை எவர்சில்வர் என்று முதலில் எண்ணிப் பார்க்கவும்.

அம்மாவின் விரல்கள் இப்போது பரவாயில்லை. இரவில் எழுந்து தேய்ப்பதில்லை. அடிப்பிடித்த கடாயையும் தோசைக்கல்லையும் நான்தான் தேய்க்கிறேன், ஆபீஸ் முடிந்து வந்து.